வட சென்னை உப்புக் காற்றில் ஏர் ரைஃபிள் சைட்: தேர்வும் பராமரிப்பும்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருந்துகொண்டு துப்பாக்கி சுடுதல் பழகுபவர்களின் சைட்டுக்கு, அதாவது துப்பாக்கி மேல் இருக்கும் குறிபார்க்கும் கருவிக்கு, எதிரி இரண்டு. ஒன்று உப்பு. மற்றது ஈரம். தனித்தனியாக வந்தால் சமாளிக்கலாம், சேர்ந்து வந்தால்தான் வம்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அடுப்படி உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலை உங்கள் சைட்டின் ஸ்க்ரூ இடுக்கிலும் ஒவ்வொரு ராத்திரியும் நடக்கிறது. பகலில் காய்கிறது, இரவில் நனைகிறது. அதனால் கடலோரத்தில் சைட் வாங்கும்போது குறி சரியாக வருமா என்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதை நான் உலர்வாக வைத்துக்கொள்ள முடியுமா? கண்ணாடி குறைந்த சைட்டுக்கு இங்கே ஆயுள் அதிகம்.

இந்தக் கட்டுரை 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் பழகப் புதிதாக வருபவர்களுக்கானது. ஸ்கோப் பற்றியும் கொஞ்சம் வரும்.

வாங்கும் முன் சட்டம்

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழாய்த் துளைக்கும் 20 ஜூல் குண்டு ஆற்றலுக்கும் மிகாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். இவற்றில் ஒன்றைத் தாண்டினாலும் வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள், கிளப்புக்குக் கொண்டுபோகும்போது அதன் நகல் பையிலேயே இருக்கட்டும். துப்பாக்கியை மூடிய உறையில் கொண்டுபோங்கள். மொட்டை மாடியில் பழகலாம் என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். மாடியோடு மாடி ஒட்டிய தெருக்களில் சுவரில் பட்டுத் திரும்பும் ஈயக்குண்டு யார் கண்ணுக்கு வரும் என்று சொல்ல முடியாது. எண்ணூர் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டுக்கும் வரும் பறவைகளைச் சுடுவதும் சுட முயல்வதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். "சும்மா ஸ்கோப்பை டெஸ்ட் பண்ணினேன்" என்ற சமாதானம் எடுபடாது.

எந்த சைட்?

கிளப்பில் காதில் விழும் சொற்கள் நான்கு: ஓபன் சைட், பீப் சைட், ஸ்கோப் (தொலைநோக்கி வைத்தது), ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டுவது). போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் கடைசி இரண்டையும் இப்போதே கழித்துவிடலாம். பன்னாட்டு விதிப்படி நடக்கும் 10 மீட்டர் ரைஃபிள் போட்டியில் தொலைநோக்கி வைத்த சைட்டுக்கு இடமில்லை. பிஸ்டலில் ஓபன் சைட் மட்டும்தான். இந்தியாவில் தேசிய விதிகளின்கீழ் ஓபன் சைட் ஏர் ரைஃபிளுக்கும் தனிப் பிரிவு உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள், தொடங்கவும் வேண்டும்.

சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதில்தான். இரண்டு பேரும் பீப் சைட்காரர்கள். பீப் சைட்டின் பின்பகுதியில் கண்ணாடியே இல்லை, ஊசித்துளை போன்ற ஓட்டை ஒன்றுதான். முன்பகுதியில் ஒரு குழல், அதற்குள் ஒரு வளையம். உப்புக் காற்று ஊரில் இது பெரிய வசதி. பூஞ்சை பிடிக்கக் கண்ணாடி வேண்டுமே!

முதலில் ஓபன் சைட். முன்னால் ஒரு தகடு, பின்னால் ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவில் தகடு, மேல்விளிம்பு இரண்டும் ஒரே மட்டம். இதில் சிறு பிசகு எவ்வளவு விலை கேட்கும் என்பதைக் கணக்காகத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு சைட்டுக்கும் இடையே 50 செ.மீ. இருக்கும் ரைஃபிளில், தகடு பள்ளத்துக்குள் 0.1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு 2 மி.மீ. விலகும். ரைஃபிள் டார்கெட் அட்டையில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ.தான். அதாவது ஒரு தலைமுடி அளவு பிசகுக்குக் கிட்டத்தட்ட ஒரு புள்ளி போகிறது. பிஸ்டலில் இடைவெளி 33 செ.மீ. வாக்கில் இருப்பதால் அதே 0.1 மி.மீ.க்கு 3 மி.மீ. ஆனால் அங்கே வளைய இடைவெளி 8 மி.மீ., கொஞ்சம் மூச்சுவிடலாம்.

எனவே ஓபன் சைட் ரைஃபிள் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பின் சைட்டின் ஆட்டம். விரல்நகத்தால் பின் தகட்டை இடவலமாக மெல்லத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் வேண்டாம். பிளாஸ்டிக் சைட்டில் பச்சை, சிவப்பு ஒளியிழை வைத்துப் பளபளவென்று வருபவை கடையில் கண்ணைப் பறிக்கும், ஆனால் அட்டையில் புள்ளி எடுக்க உதவாது. ஒளிரும் உருண்டை முனைக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது, மட்டம் பார்க்கவே முடியாது. சதுர முனையுள்ள கறுப்பு உலோகத் தகடுதான் வேண்டும்.

பீப் சைட்டின் அளவுகள்

ரைஃபிள் அட்டையில் கறுப்பு வட்டத்தின் குறுக்களவு 30.5 மி.மீ. நடுவில் பத்து மதிப்பெண் தரும் இடம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. கண்ணிலிருந்து முன் சைட் சுமார் 90 செ.மீ. தூரத்தில் இருந்தால், 10 மீட்டரில் உள்ள அந்தக் கறுப்பு, முன் சைட் இருக்கும் இடத்தில் 2.75 மி.மீ. அளவாகத் தெரியும். இப்போது வளையத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 4.0 மி.மீ. வளையம் போட்டால் கறுப்பைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 0.6 மி.மீ. வெள்ளை தெரியும். 3.2 போட்டால் 0.2தான்.

புதியவர்கள் செய்யும் தவறு இங்கேதான். வளையம் சிறிதானால் குறி கச்சிதமாகும் என்று நினைத்து 3.2, 3.4 என்று போடுகிறார்கள். நடப்பது வேறு. கை இன்னும் நிலைக்காத ஆளுக்குக் கறுப்பு வளையத்தில் இடித்து இடித்து மறைகிறது. வெள்ளை மெலிந்திருப்பதால் எந்தப் பக்கம் சாய்ந்தோம் என்றே தெரிவதில்லை. சரியான கணத்துக்குக் காத்திருந்து காத்திருந்து, 12 நொடி தாண்டியும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டே நின்று, கடைசியில் ட்ரிகரைப் பறிக்கிறார்கள். ஆரம்பத்தில் 4.0 முதல் 4.3 வரை போதும். ஆட்டம் குறையக் குறைய 0.1 ஆகக் கீழே வாருங்கள்.

வளையச் செருகல் வாங்கும்போது உங்கள் முன் சைட் குழல் 18 மி.மீ.யா 22 மி.மீ.யா என்று பாருங்கள். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் நிற்காது. அளவை மாற்றிக்கொள்ளும் திருகு வளையம் கிடைத்தால் நல்லது, ஆனால் அதன் மரையில் உப்பு ஏறினால் இறுகிப்போகும். கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் தனித்தனிச் செருகல் பெட்டியே மேல்.

பின் சைட்டின் ஐரிஸ் துளை 1.0 முதல் 1.3 மி.மீ.க்குள் இருக்கட்டும். துளை சிறிதானால் எல்லாம் கூர்மையாகத் தெரியும், ஆனால் இருட்டும். டார்கெட் மீது 1500 லக்ஸ் வெளிச்சமாவது விழ வேண்டும் என்பது உள்ளரங்க விதி. பல பயிற்சிக் கூடங்களில் அது இருப்பதில்லை. இருண்ட கூடத்தில் 0.9 வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்குவதைவிட 1.3 வைத்து நிம்மதியாகப் பார்ப்பது நல்லது. கண்ணுக்கும் ஐரிஸுக்கும் இடையே 5 செ.மீ. முதல் 8 செ.மீ. வரை இருக்கலாம். எவ்வளவு என்பதைவிட ஒவ்வொரு முறையும் அதே தூரம் என்பதுதான் முக்கியம். துளைக்குள் முன் குழலைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் தெரியும். அது எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாகத் தெரிந்தால் கண் நடுவில் இருக்கிறது.

மறு கண்ணை மூடாதீர்கள். மூடினால் குறிபார்க்கும் கண்ணும் சேர்ந்து இறுகும், பாவையும் விரியும். வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டை ஒன்றை 30 மி.மீ. உயரத்துக்கு வெட்டிப் பின் சைட்டில் மாட்டுங்கள். கறுப்பு அட்டை வேண்டாம், வெளிச்சம் கண்ணுக்குள் போக வேண்டும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் துப்பாக்கியின் முன் சைட் வரை உள்ள தூரத்தை டேப்பால் அளந்து கண் பரிசோதகரிடம் சொல்லுங்கள். தெளிவாகத் தெரிய வேண்டியது முன் சைட், டார்கெட் அல்ல. நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தூரப் பார்வைப் பவரோடு அரை முதல் முக்கால் வரை பிளஸ் கூட்டிப் போட்டுப் பார்ப்பது வழக்கம். டார்கெட் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. பைஃபோகல் வேண்டவே வேண்டாம்.

ஸ்கோப் வாங்கியே தீருவேன் என்பவருக்கு

பொழுதுபோக்குக்காக ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் மாட்ட ஆசைப்படுபவர்கள் நிறைய. அதில் ஒரு விசித்திரம் உண்டு. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும், பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னுக்கு உதைக்கும். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப் ஒரு பக்க உதையைத் தாங்கும்படி கட்டப்பட்டது. இந்த இரட்டை உதையில் சில நூறு குண்டுக்குள் உள்ளே இருக்கும் குறுக்குக்கம்பி தளர்ந்துவிடும். கடைக்காரர் "எல்லா ரைஃபிளுக்கும் செட் ஆகும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு என்று பெட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது பாரலாக்ஸ். சாதாரண ஸ்கோப் 100 கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்டு வரும். 10 மீட்டரில் படம் மங்கும், கண்ணை நகர்த்தினால் குறுக்குக்கம்பியும் டார்கெட் மேல் நகரும். முன்கண்ணாடி வளையத்தைத் திருகி 10 கெஜம் வரை இறக்கக்கூடியதை வாங்குங்கள். உருப்பெருக்கம் 4 போதும். 9, 12, 16 என்று ஏற்றினால் உங்கள் கை நடுக்கமும் பெருகித் தெரியும், அவ்வளவுதான் லாபம்.

கிளிக் கணக்கு எளிது. கிளிக் என்பது சைட்டின் திருகைத் திருப்பும்போது கேட்கும் ஒவ்வொரு சொடுக்கு. எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம். ஒரு எம்ஓஏ 100 மீட்டரில் 29 மி.மீ., 10 மீட்டரில் 2.9 மி.மீ. கால் எம்ஓஏ கிளிக் என்றால் 10 மீட்டரில் 0.7 மி.மீ. குண்டு 10 மி.மீ. தள்ளி விழுந்தால் 14 கிளிக். "ஸ்கோப் வேலை செய்யல, நாலு கிளிக் திருப்பினேன் அசையவே இல்லை" என்று வருபவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். ஸ்கோப், துப்பாக்கிக் குழாயைவிட நான்கைந்து செ.மீ. மேலே இருப்பதால், 10 மீட்டரில் சரியாக்கிய ஸ்கோப் 20 மீட்டரில் மேலே போட்டுக்காட்டும். அதைக் கோளாறு என்று நினைத்துத் திருகிக் கெடுக்காதீர்கள்.

ரெட் டாட் பற்றி இரண்டே வரி. 2 எம்ஓஏ புள்ளி 10 மீட்டரில் கிட்டத்தட்ட 6 மி.மீ. இடத்தை மறைக்கும், ரைஃபிள் அட்டையின் ஒன்பதாம் வளையமே 5.5 மி.மீ.தான். தகர டப்பா சுட நன்றாக இருக்கும். பயன்படுத்தாத நாட்களில் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி வைக்காவிட்டால் நம் ஊர்க் காற்றில் அதன் தொடுமுனை பச்சை பூத்துவிடும்.

பழையது வாங்கினால்

பர்மா பஜாரிலோ கிளப் நோட்டீஸ் போர்டிலோ பழைய ஸ்கோப் கிடைத்தால், காசு கொடுக்கும் முன் மொபைல் டார்ச்சை ஒரு முனையில் சாய்வாக அடித்து மறுமுனை வழியே பாருங்கள். நேராகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும் கண்ணாடி, சாய்வு ஒளியில் உண்மையைச் சொல்லும். சிலந்திவலை, மரவேர் போல் கிளைத்த வெள்ளை இழை இருந்தால் அது பூஞ்சை. மெல்லிய பனி போல் இருந்தால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது, ஈரம் வராமலிருக்க அடைத்திருந்த நைட்ரஜன் எப்போதோ போய்விட்டது. இரண்டுமே வேண்டாம். பூஞ்சை பிடித்ததை மற்ற கண்ணாடிகளோடு ஒரே பெட்டியில் வைப்பதும் தப்பு.

பீப் சைட் பழையது என்றால் திருகுகளைக் காதருகே வைத்து மெல்லத் திருப்புங்கள். ஒவ்வொரு கிளிக்கும் தனித்தனியாக, ஒரே அழுத்தத்தில் கேட்க வேண்டும். நடுவில் மணல் அரைப்பது போல் இருந்தால் உப்பு ஏறியிருக்கிறது. கழுவிச் சரிசெய்யலாம், ஆனால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

மாட்டுவது

தொடும் முன் துப்பாக்கி காலியா என்று பாருங்கள். குழாயைத் திறந்து, காலி என்று காட்டும் பாதுகாப்பு நூலைக் குழாய் முழுக்க ஓடி முனையில் வெளியே தெரியும்படி செருகிவிட்டு, முனையை ஆளில்லாத சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த பிறகுதான் ஆலன் கீயைக் கையில் எடுக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்புதானே பார்த்தோம் என்று இதை விடக்கூடாது.

பெரும்பாலான ஏர் ரைஃபிள்களில் 11 மி.மீ. தண்டவாளம் இருக்கும். ஸ்கோப் மவுண்டுகளில் 22 மி.மீ. அளவும் விற்கிறார்கள், மாற்றி வாங்கிவிடாதீர்கள். தண்டவாளத்தையும் மவுண்டின் தாடையையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். எண்ணெய் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இரண்டு தனி வளையத்தைவிட ஒற்றைத் துண்டு மவுண்டும், அதன் அடியில் நிறுத்து முளையும் வேண்டும். முளை ரைஃபிளில் உள்ள குழியில் உட்கார வேண்டும், இல்லையென்றால் நூறு குண்டில் ஸ்கோப் பின்னால் ஊர்ந்துவிடும்.

ஸ்கோப் வளைய ஸ்க்ரூக்களைக் குறுக்காக மாற்றி மாற்றி, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். முறுக்கு விசை 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் சிறிய ஆலன் கீயின் குட்டைக் காலை விரல்நுனியால் பிடித்து இறுக்கினால் ஏறத்தாழ சரியாக வரும். நீளக் காலைப் பிடித்து உந்தினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். கண்ணிலிருந்து பின்கண்ணாடி வரை 75 முதல் 100 மி.மீ. விடுங்கள்.

கடைசியாக ஒரு மலிவான வித்தை. ஸ்க்ரூவின் தலையிலிருந்து மவுண்ட் வரை நெய்ல் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். பீப் சைட்டின் பிடிப்பு ஸ்க்ரூவுக்கும் அப்படியே. கோடு உடைந்து விலகியிருந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. குறி ஏன் மாறியது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சீரோ செய்வது (குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைத் திருத்துவது)

1. துப்பாக்கியைத் தாங்கு மேசையில், மணல்மூட்டை மேல் வையுங்கள். ஸ்பிரிங் ரைஃபிள் என்றால் நேரடியாக மூட்டையில் அழுத்தாமல் நடுவே உங்கள் உள்ளங்கை இருக்கட்டும்.

2. சைட்டைத் தொடாமல் 5 குண்டு சுடுங்கள். ஒன்று தள்ளி விழுந்தது என்று நடுவில் திருகாதீர்கள்.

3. ஐந்து துளைக்கும் நடுப்புள்ளியைப் பென்சிலால் குறித்து, பத்திலிருந்து எத்தனை மி.மீ. இடம் வலம், மேல் கீழ் என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள்.

4. உங்கள் சைட்டின் கிளிக் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். 20 கிளிக் ஒரே பக்கம் திருப்பி மீண்டும் 5 சுட்டால், நடுப்புள்ளி 5 மி.மீ. நகர்ந்திருந்தால் கிளிக்குக்கு 0.25 மி.மீ. அப்படியானால் 6 மி.மீ. இடது, 4 மி.மீ. கீழ் என்பதற்கு வலப்பக்கம் 24, மேலே 16.

5. திருப்பியபின் 5 சுட்டு உறுதி செய்யுங்கள். தேதியையும், பெல்லட் (ஈயக்குண்டு) பெயரையும், கிளிக் எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பெல்லட் டப்பா மாறினால் சீரோவும் கொஞ்சம் மாறலாம்.

நான்காம் படியில் ஒரு குழி இருக்கிறது. ஜெர்மன் பீப் சைட்டுகள் பலவற்றில் எழுத்துகள் ஹெச், டி, ஆர், எல் என்று இருக்கும். முறையே மேல், கீழ், வலம், இடம். குண்டு எங்கே விழுந்ததோ அந்த எழுத்தின் பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதாவது மேலே விழுந்தால் ஹெச் பக்கம் திருப்பினால் குண்டு கீழே இறங்கும். வேறு பல சைட்டுகளிலோ அம்புக்குறி, குண்டு எங்கே போக வேண்டும் என்பதைக் காட்டும். நேர் எதிர். புத்தகத்தை நம்பி உட்காராமல் 20 கிளிக் சோதனையிலேயே எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, சைட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். போட்டி நாள் பதற்றத்தில் மூளை வேலை செய்யாது, ஸ்டிக்கர் செய்யும்.

பழைய சைட்டில் மரைத் தளர்வு இருக்கும். திசை மாற்றித் திருப்பும்போது முதல் இரண்டு மூன்று கிளிக் சத்தம் மட்டும் கேட்கும், எதுவும் நகராது. அதற்கு, தேவைக்கு மேல் நான்கு கிளிக் தாண்டிப் போய்விட்டு எப்போதும் ஒரே பக்கத்திலிருந்தே திரும்பி வந்து நிறுத்துங்கள்.

சைட் யோக்கியமானதா என்று பார்க்கப் பெட்டிச் சோதனை: 20 மேல், 20 வலம், 20 கீழ், 20 இடம், ஒவ்வொரு மூலையிலும் 3 குண்டு. கடைசி மூன்றும் முதல் மூன்று விழுந்த இடத்திலேயே விழ வேண்டும்.

சுட்டு முடித்ததும்

ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிட வேலை. வியர்வையும் உப்புதான் என்பதால் கை பட்ட உலோகம் முழுவதையும், துளி எண்ணெய் தொட்ட பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் கூடாது, நாள்பட்டால் பிசினாகி மரையைப் பிடித்துக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை பீப் சைட்டின் உள்ளே அடிப்பவர்கள் உண்டு. அது உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும், ஒரு வாரம் வழவழவென்று ஓடிவிட்டு அப்புறம் கரகரக்கும். எண்ணெய்த் துணி கண்ணாடிப் பக்கம் போகவே கூடாது.

ஓபன் சைட்காரர்கள் முன் தகட்டின் பளபளப்பைப் போக்க சூடம் கொளுத்திப் புகைக்கரி பிடிப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கமும்கூட. தகட்டின் ஓரம் மினுமினுத்தால் வெளிச்சம் வரும் பக்கத்தைப் பொறுத்துக் குறி ஏமாற்றும். சிறு துண்டு சூடம் போதும், சுடரின் நுனி தகட்டைத் தொடாமல் புகை மட்டும் படட்டும். துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். காற்றுச் சிலிண்டர் வைத்த துப்பாக்கி, பிளாஸ்டிக் சைட் என்றால் நெருப்பு வேண்டாம், மேட் கறுப்பு மார்க்கர் போடுங்கள். சுட்டு முடித்ததும் கரியைத் துடைத்துவிடுங்கள். கரி ஈரத்தைப் பிடித்து வைத்து அடியில் துருவை வளர்க்கும்.

கண்ணாடி துடைப்பது தனிக் கலை. மணலி, எண்ணூர் பக்கக் காற்றில் நிலக்கரித் தூளும் சாம்பலும் உண்டு. சாம்பலில் இருக்கும் சிலிக்கா, கண்ணாடியின் மேற்பூச்சைக் கீறும். சட்டை நுனியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. முதலில் ரப்பர் ஊதுபந்து, வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அப்புறம் மென்தூரிகை. அதன்பிறகுதான் லென்ஸ் திரவம், அதுவும் கண்ணாடி மேல் அல்ல, தாளில் இரண்டு துளி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றித் துடைத்து, அந்தத் தாளைத் தூக்கிப்போடுங்கள். ஜன்னல் துடைக்கும் ஸ்ப்ரேயில் அமோனியா இருக்கலாம், வேண்டாம். மாதம் ஒருமுறைக்கு மேல் துடைக்கத் தேவையில்லை. தூசி நாலு இருந்தால் குறி கெடாது, துடைத்துத் துடைத்துத்தான் கெடும்.

ஏசி அறையில் இருந்து ஸ்கோப்பை மே மாத வெயிலுக்கு எடுத்துவந்தால் கண்ணாடி வேர்த்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளிச்சூட்டில் விட்டால் ஈரம் பையின் மேல் படியும், கண்ணாடியில் படியாது.

வீட்டில் வைப்பது

வட சென்னையில் பராமரிப்பின் முக்கால் பங்கு இதுதான். துப்பாக்கியோடு வந்த ஃபோம் பெட்டியும் தோல் உறையும் வழியில் கொண்டுபோக மட்டும். ஃபோம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், தோலில் பூஞ்சை முதலில் பிடிக்கும். சைட்டைக் கழற்றி, 20 லிட்டர் காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், 250 கிராம் சிலிக்கா ஜெல் பையோடும் ஒரு சிறிய டிஜிட்டல் ஈரமானியோடும் வையுங்கள். அளவு 40 முதல் 50 சதவீதம் காட்ட வேண்டும். 60 தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு விருந்து. 30க்குக் கீழே போனால் ரப்பர் வளையங்கள் வறளும்.

சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிறம் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நச்சு. நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரி அவனில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்து மறுபடி போடலாம். அதற்கென்று ஒரு தட்டு ஒதுக்குங்கள், சமையல் பாத்திரம் வேண்டாம். அரிசி போட்டு வைத்தால் ஈரம் போகும் என்பது வெறும் நம்பிக்கை. மாவும் வண்டும்தான் மிச்சம். பாச்சை உருண்டையும் கூடாது, அதன் ஆவி கண்ணாடியில் படிந்து மங்கலாக்கும். ஸ்கோப், பைனாகுலர், கேமரா என்று கண்ணாடி சேர்ந்துவிட்டால் மின்சார உலர் பெட்டி வாங்குவது லாபம், சில வாட் மின்சாரம்தான் எடுக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மவுண்ட் ஸ்க்ரூக்களைக் கழற்றித் துடைத்து, மரையில் குண்டூசித் தலை அளவு கிரீஸ் தொட்டுப் போடுங்கள். சைட்டின் உடல் அலுமினியம், ஸ்க்ரூ இரும்பு. நடுவே உப்புநீர் நின்றால் இரண்டும் பேட்டரி போல் அரித்துக்கொண்டு ஒட்டிப்போகும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கிரீஸ் போட்டதும் சீரோ மாறியிருக்கும், சரிபாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டப்பாவின் ஈரமானியை வாரம் ஒருமுறை பாருங்கள். போகி அன்று விடியற்காலையில் ஜன்னல் பக்கம் எதையும் திறந்து வைக்காதீர்கள். டயர்ப் புகையின் எண்ணெய்க்கரி கண்ணாடியில் படிந்தால் லேசில் போகாது.

டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் வைக்காமல் பரண் மேல் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. அப்படி சைட் நனைந்துவிட்டால் வெயிலில் காயவைப்பதோ ஹேர் ட்ரையர் பிடிப்பதோ முதல் வேலை அல்ல. உப்பும் சேறும் உள்ளேயே காய்ந்து கல்லாகிவிடும். பீப் சைட்டை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் முக்கி எடுத்து, ஜன்னல் மூடிய அறையில் ஃபேன் காற்றில் ஒரு நாள் விட்டு, திருகு மரைகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எண்ணெய் கலந்த வெள்ளம் என்றால் அலசும் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீர் கொஞ்சம் சேர்க்கலாம். ஸ்கோப்பின் வெளிப்புறத்தை மட்டும் கழுவித் துடைத்து சிலிக்கா ஜெல் டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். அப்புறமும் உள்ளே பனி தெரிந்தால் நீங்களே திறக்காதீர்கள், திறந்த நிமிடமே மிச்சமிருக்கும் நைட்ரஜன் போய் கடற்காற்று குடியேறும். பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும் முன், சரிசெய்யும் கூலியையும் புது ஸ்கோப் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவு ஸ்கோப்பென்றால் பெரும்பாலும் புதிதே மலிவு.